எத்தனை நொடியில் மாறும் என்று கேட்காதீர்கள்

சர்வர்களுக்கு ஹை அவைலபிலிட்டி மென்பொருள் வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒன்று படுத்தால் அடுத்தது எத்தனை நொடியில் எழும்?" என்பதுதான். விற்க வருபவரும் அதற்குத்தான் தயாராக வருவார். நொடி குறையக் குறைய மென்பொருள் உசத்தி, ஆட்டோமேட்டிக் ஃபெயில்ஓவர் இருந்தால் கவலையே இல்லை என்பது ஊரறிந்த கணக்காகிவிட்டது. கணக்கு தப்பு.

வேகத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான வேலை நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த முதன்மை டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க் மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது, வெறும் 43 நொடி. அதற்குள் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களின் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. சொன்ன வேலையைத்தான் செய்தது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கின. பழையபடி திருப்பவும் வழியில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டு எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. பின்னர் செய்த திருத்தங்களில் ஒன்று, கரை தாண்டித் தலைமை மாறாதபடி அந்த மென்பொருளுக்குக் கடிவாளம் போட்டது.

ஆகவே கேட்க வேண்டியது வேறு: எதிர்ச் சர்வர் செத்துவிட்டது என்று இந்த மென்பொருள் எப்படி முடிவு கட்டுகிறது? "இரண்டு சர்வர் போதும்" என்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நடுவிலிருக்கும் ஹார்ட்பீட் கேபிள் கழன்றால் இரண்டும் உயிரோடுதான் இருக்கும்; ஆனால் ஒவ்வொன்றும் மற்றது போய்விட்டதென்று நினைத்து டேட்டாவில் கை வைக்கும். இதுதான் ஸ்பிளிட் பிரெய்ன். தடுக்க மூன்றாவதாக ஓர் ஓட்டு வேண்டும்; பொறுப்பேற்கும் முன் எதிராளியின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஃபென்சிங் வேண்டும். பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருளில் இதன் பெயர் ஸ்டோனித். அமைக்கும்போது தொல்லை கொடுக்கிறதென்று அதை அணைத்துவிட்டு கிளஸ்டரை ஒப்படைப்பவர்கள் ஏராளம். டெமோவில் ஒரு சர்வரை அணைத்துக் காட்டுவார்கள். அது எளிது. கேபிளை மட்டும் உருவிக் காட்டச் சொல்லுங்கள்.

"ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு?" என்பது இன்னொரு வாதம். தவறாக ஒரு டேபிளை அழித்தால் ரெப்ளிகாவும் அடுத்த நொடி விசுவாசமாக அழிக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ரெப்ளிகேஷன் தடுமாறியதால் இரண்டாம் சர்வரைத் துடைத்துச் சரிசெய்ய முயன்றபோது, முதன்மை டேட்டாபேஸையே தவறுதலாக அழித்துவிட்டார்கள். பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6, எனவே பேக்கப் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ வேறு வேலைக்கு எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

ஒன்பதுகளின் மயக்கமும் உண்டு. 99.999 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடத் தடை, 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம். சான்றிதழ் காலாவதியானதும் பேட்ச் போட்டுக் கெடுத்ததும் விற்பவரின் கணக்கில் வராது. விஎம்வேரின் ஹெச்ஏ (ஹை அவைலபிலிட்டி) கூட, ஹோஸ்ட் போனால் விர்ச்சுவல் மெஷினை வேறொரு ஹோஸ்டில் மறுபடி பூட் செய்கிறது, அவ்வளவே. டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்து எழும் நேரம் உங்கள் தலையில்.

கிளவுடுக்குப் போனால் தீர்ந்தது என்பாரும் உண்டு. அமேசானின் தனி இசி2 சர்வருக்கு உறுதி 99.5 சதவீதம்தான், தவறினால் பில்லில் கழிவு தருவார்கள், போன வியாபாரத்தை அல்ல.

பகலில் பில் போட்டு, அரை மணி நேரத் தடையைத் தாங்கக்கூடிய நிறுவனம் என்றால், என் சிபாரிசு: ரெப்ளிகா ஒன்று, தினசரி பேக்கப், அதை மாதாமாதம் மீட்டுப் பார்க்கும் பழக்கம், தலைமையை மாற்ற முடிவெடுக்கும் ஓர் ஆள். ஆட்டோமேட்டிக் ஃபெயில்ஓவரை அதன் பிறகு யோசிக்கலாம்.