கோப்பை மாற்றினால் போதுமா?

எழுதி வைத்ததெல்லாம் நிலைத்து நிற்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் ஏடு செல்லரிக்கிறது; காகிதம் பழுப்பேறுகிறது; கணிப்பொறியின் வன்தட்டும் சுழன்று சுழன்று ஒருநாள் நின்றுவிடுகிறது. காலந்தோறும் படியெடுப்பதே எழுத்தைக் காக்கும் வழி. நம் முன்னோர் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்தனர். படியெடுக்காமலே ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளில் என்னென்ன நூல்கள் இருந்தனவோ, யாரறிவார்!

இன்று அந்தக் கடமை நம் கைக்கு வந்திருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறிகள் வீடுகளிலும் கல்லூரிகளிலும் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றுள் வினாத்தாள்கள் உண்டு, ஆய்வேடுகள் உண்டு, யாரோ ஒரு மாணவர் எழுதிய முதல் கவிதையும் இருக்கலாம்.

வன்தட்டு என்பது நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் காந்தத் தகடு. மயிரிழையின் பருமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் படிப்புமுனை அதன்மேல் மிதக்கிறது. 'டிக், டிக்' என்று ஒலி கேட்டால் அது எச்சரிக்கை. அப்போது பழுது பார்க்கும் மென்பொருளை ஓடவிடாமல், இன்றியமையாத கோப்புகளை முதலில் வெளியே எடுப்பதே அறிவுடைமை. 2003-க்கு முன் வந்த கணிப்பொறிகளில் பெரும்பாலும் நாற்பது முள் கொண்ட ஐ.டி.இ. இணைப்பே இருந்தது, பின்னர் சாட்டா வந்தது. இரண்டையும் யு.எஸ்.பி. வழியாகப் புதிய கணிப்பொறியில் இணைக்கும் கருவிகள் உண்டு. படியெடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிலவற்றைத் திறந்து படிக்கவும் வேண்டும். அதுவரை பழைய தட்டை அழிக்கலாகாது.

இத்துடன் வேலை முடிந்தது என்பார் பலர். முடியவில்லை என்பதே என் கருத்து. தமிழனுக்கு இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது.

யூனிகோடு பரவுமுன் நம்மவர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். அப்போது கணிப்பொறி சேமித்தது தமிழ் எழுத்துகளை அன்று. ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே சேமித்தது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டித் திரையில் நிறுத்தியது. பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது; அம்மாவைக் காணோம்!

நம் தருமபுரி மாவட்டத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. கல் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. ஆயினும் வட்டெழுத்து அறியாத நமக்கு, அந்த வீரன் யாரென்று கல்வெட்டறிஞர்தாம் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. கணிப்பொறித் தமிழுக்கோ அந்த நிலை வர இருபது ஆண்டுகளே போதுமானதாக இருந்தது.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தரமாக்கப்பட்டன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. தரம் மாறியதும் பழைய கோப்புகள் தாமே மாறிவிடவில்லை. ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து மாற்றியாக வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியேற்றத்தில் வைத்திருந்த இலக்கிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. தன்னார்வலர் உழைப்பால் நடந்த பணி அது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

"அச்சுப்படி இருக்கிறதே, பழைய கோப்பு எதற்கு?" என்று கேட்கலாம். எல்லாம் அச்சேறியதில்லை. அச்சேறியவற்றிலும் எத்தனை பிரதிகள் அலமாரியில் மிஞ்சியிருக்கும்?

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். பழைய கணிப்பொறிகளைக் கழித்து ஏலம் விடுமுன், ஒவ்வொரு துறையிலும் ஆசிரியர் மேற்பார்வையில் நான்கு மாணவர்கள் அவற்றின் கோப்புகளைப் படியெடுக்கட்டும். பிறருடைய சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றட்டும். மூல எழுத்துருவையும் உடன் வைக்கட்டும். இரண்டு படிகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரு விடுமுறை வாரத்தின் உழைப்புதான் இது. நண்பர்களே, பழைய தட்டுகள் சுழலும்போதே தொடங்கிவிடுவோம்!