வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர்

எங்கள் தென்னூரில் மறுபடியும் தெருவைத் தோண்டுகிறார்கள். பாதாளச் சாக்கடைக் குழாய். வேலை நடக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. நடக்கிற விதத்தில்தான் சண்டை.

போன வாரம் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். மஞ்சள் வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் ஹாரன் சத்தமே இல்லை. வண்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாலைந்தடி இடம். அங்கே ஒரு சித்தாள் அம்மா குனிந்து மண்ணைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். டிரைவருக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஓடிப்போய் வண்டியின் பக்கத்துத் தகரத்தில் ஓங்கி அடித்த பிறகுதான் நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க தாத்தா, அவங்களுக்கே தெரியும், நகர்ந்துக்குவாங்க."

அவங்களுக்கே தெரியுமாம்! ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்குக் கண் இல்லை, வாயும் ரிப்பேர். அதனால் குனிந்து வேலை செய்கிற அம்மாவுக்கு முதுகில் கண் இருக்க வேண்டும். இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

நம் ஊரில் இந்த வண்டியை ஜேசிபி என்போம், பேப்பரில் பொக்லைன் என்று போடுவார்கள். இரண்டும் கம்பெனிப் பெயர்கள். ஜேசிபி இங்கிலாந்து, பொக்லைன் பிரான்ஸ். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரைத் தமிழ்ப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும். முழு வட்டம் சுழலும் ஹைட்ராலிக் வண்டியை அவர்கள் 1961-ல் கொண்டுவந்தார்கள். அந்தச் சுழற்சிதான் அதன் பலம், ஆபத்தும் அதுதான். டிரைவர் முன்னால் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கனமான இரும்பு, நம்மூர்ச் சந்தில் ஒரு ஆளைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடும். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான் கொடியோ விசிலோ வைத்துக்கொண்டு ஒரு ஆள் வெளியே நிற்க வேண்டும் என்பது. வண்டியை இறக்குமதி செய்தோம், அந்த ஆளை விட்டுவிட்டோம்.

2022-ல் மதுரை விளாங்குடியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் இறங்கிய தொழிலாளிமேல் மண் சரிந்தது. பதற்றத்தில் அவரை மீட்கவும் பொக்லைனையே விட்டார்கள். அதில் அவர் தலை துண்டாகிவிட்டது. அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. மண் சரிந்ததை விபத்து என்று எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும், அள்ளிய மண்ணைக் கரையோரம் குவிக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி 3764 பல வருஷமாகச் சொல்கிறது. எங்கள் தெருக் குழியில் நிற்கிறவரின் தலை ரோட்டுக்கு மேலே தெரியவில்லை. பலகை ஒன்றுகூட இல்லை. தோண்டிய மண் முழுவதும் கரைமேலேயே கிடக்கிறது.

பலகைக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். எண்பதுகளில் ஒரு அலுவலகத்தில் நான் பில் பார்த்தேன். எஸ்டிமேட்டில் 'ஷோரிங்' என்று ஒரு ஐட்டம் வரும், சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று. ஒரு குழாய் வேலைக்கு அந்த ஐட்டத்தோடு பில் வந்தது. எம்.புக்கில் அளவெல்லாம் அழகாக ஏறியிருந்தது. அந்தக் குழி வழியாகத்தான் நான் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போவேன். ஒரு நாளும் ஒரு பலகையை நான் அங்கே பார்த்ததில்லை. சூப்பிரண்டிடம் மெதுவாகச் சொன்னேன். "குழியை மூடியாச்சுப்பா, இனிமே யார் தோண்டிப் பாக்கப் போறா?" என்றார். நான் சுருக்கொப்பம் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் அப்போது கடைசிப் பெண் பிறந்திருந்தாள், வேலை போய்விடக் கூடாதே என்ற பயம். அந்தக் குழியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் போலீஸ் என்னைத் தேடி வந்திருக்காது. மேஸ்திரியையோ டிரைவரையோதான் பிடித்திருப்பார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். ஆள் செத்தால் டிரைவர்மேல் கவனக்குறைவு வழக்கு. வண்டியை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, நிறுத்தாமல் ஓட்டச் சொன்னவர் சாட்சிகூட ஆவதில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் 'ஃபோத் இனெக்ஸ்க்யூஸாப்ள்' என்று ஒன்று உண்டு, மன்னிக்க முடியாத தவறு என்று அர்த்தம். 1898-ல் போட்ட தொழிலாளர் விபத்துச் சட்டத்திலேயே அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆபத்து இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், தடுக்க ஒன்றும் செய்யாவிட்டால் அது அந்தத் தவறுதான் என்று 2002-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் விளக்கியது. தெரிந்திருக்க வேண்டியிருந்தும்! நம்மூரில் குழி வெட்டுகிற யாருக்கு இது தெரியாது? பில் பார்த்த எனக்கே தெரிந்ததே.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் செஸ். தமிழ்நாட்டில் அதற்கு முன்னாலேயே, 1994-ல், நல வாரியம் வந்துவிட்டது. செத்த பிறகு குடும்பத்துக்குக் கொடுக்க வழி செய்தாயிற்று, நல்லது. சாகாமல் இருக்க ஒரு விசில் வாங்கிக் கொடுப்பது யார் பொறுப்பு?

நேற்று மேஸ்திரியிடமே கேட்டேன். கொடி பிடிக்க ஒரு ஆள் போட்டால் நாள் கூலி எவ்வளவு? "எழுநூறு ரூபா சார்." வண்டி வாடகை? "மணிக்கு ஆயிரத்து இருநூறு." கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்றேன். காண்ட்ராக்டரிடம் சொல்கிறேன் என்றார். தாத்தா, சார் ஆனதுதான் இதுவரை நடந்த முன்னேற்றம்.

அந்த அம்மாவிடமும் பேசினேன். ஏன் அந்தச் சுவரோரம் போய் நிற்கிறீர்கள், இந்தப் பக்கம் வரக் கூடாதா என்று. தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அங்கனதான் சாமி கொஞ்சம் நெழலு."