கண்ணில் நில்லாத மருந்து

கண்ணில் விடும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 5 பங்குகூட உட்செல்வதில்லை. எஞ்சியது கண்ணீரோடு கன்னத்திலும், மூக்கின் வழியே தொண்டையிலும் இறங்கிவிடுகிறது. கண் அழுத்த நோயாளிகளோ ஆயுள் முழுதும் நாள் தவறாமல் மருந்து விட வேண்டியவர்கள்!

இதற்கு ரஸாயன நிபுணர் கண்ட யுக்தி விந்தையானது. போலாக்ஸமர் 407 என்னும் பொருளை உரிய அளவில் நீரில் கரைத்தால், குளிர்ச்சியில் நீராயிருக்கும். உடற்சூட்டில் நுங்குபோல் இறுகும். வெல்லப்பாகு சூட்டில் இளகும், இதுவோ நேர்மாறு. உஷ்ணம் ஏற ஏற, அதன் மூலக்கூறுகளின் ஒரு பகுதி நீரை விட்டு விலகி, நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. இடையிற் சிக்கிய மருந்து மெல்லக் கசியும்.

ஆனால் கண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் இறுகாது. அதற்கஞ்சிச் செறிவைக் கூட்டினாலோ, புட்டியிலேயே இறுகிவிடும். கண்ணின் மேற்பரப்புச் சூடு சுமார் 34 டிகிரி. சித்திரையில் நம் வீட்டு அலமாரியே அதற்குக் குறைந்ததன்று! குளிர்சாதனப் பெட்டியில்லாத வீட்டுக் கிழவிக்கு இம்மருந்து எவ்வாறு சொட்டும்?