மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?



மெர்லிமாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். ஆயர் குரோ தொழிற்சாலையில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு வீட்டில் இருக்கும் தகப்பனார். இதுவரை மோட்டார் சைக்கிளிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளின் புத்தகப் பையும் நனைகிறது, அவர் மனமும் நனைகிறது.

பட்டணத்துப் பழைய கார் கடை ஒன்றில் பெஜோ 206 நிற்கிறதாம். ஒரு புது மோட்டார் சைக்கிள் விலைதான் சொல்கிறார்களாம். அதே வயதுள்ள மைவி வேண்டுமென்றால் இன்னும் எவ்வளவோ கூடக் கொடுக்க வேண்டும். “வாங்கலாமா ஐயா? எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நல்ல ஆளைத்தான் கேட்டீர்கள். அதே காரை ஏழு ஆண்டுகள் வைத்திருந்தவன் நான். ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பெஜோ 206, 1998இல் பிரான்சில் வெளிவந்த வண்டி. பின்கதவை மேலே தூக்கிச் சாமான் ஏற்றும் ‘ஹட்ச்பேக்’ வகை. 2006இல் இதையே ‘நாஸா 206 பெஸ்தாரி’ என்ற பெயரில் கெடா மாநிலம் குருணில் பொருத்தி, உள்நாட்டுக் கார் போல விற்றார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு பிரெஞ்சுக் கார் மலேசியப் பெயரில் வந்ததுண்டு. 1996இல் வந்த புரோட்டோன் தியாரா, உண்மையில் சித்ரோன் ஏஎக்ஸ்தான். அது சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. ஆக, பிரெஞ்சுக் கார் நம் சாலைக்குப் புதிய விருந்தாளி அல்ல. வந்து தங்காத விருந்தாளி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிரெஞ்சுக்காரர் காருக்கும் தோட்டத்துக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 1895இல் மிஷெலின் சகோதரர்கள் ஒரு பெஜோ வண்டியை மாற்றியமைத்து, காற்றடைத்த ரப்பர் டயர் மாட்டி, பாரிஸ் நகரிலிருந்து பொர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழி நெடுகப் பஞ்சர்! பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் காருக்கும் காற்று டயர் போடலாம் என்று உலகம் கண்டுகொண்டது. மறு ஆண்டு, 1896இல், நம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர்த் தோட்டம் போட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். கார் பெருகியது, டயர் வேண்டியிருந்தது, பால் வெட்ட நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். உலகத்துக் கார்களை உருளவிட்ட குடும்பம் நம் குடும்பம். நாம் ஒன்றை வாங்கும்போது ஏமாந்து நிற்கலாமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செம்மண் சாலையில் இந்தக் கார் போகிற போக்கு தனி. குழியில் இறங்கி ஏறும்போது தூக்கிப் போடாது, தாலாட்டுவது போல அசைந்து போகும். இருக்கை முதுகைத் தாங்கிப் பிடிக்கும். முட்டிவலிக்காரத் தகப்பனாருக்கு இது சின்ன விஷயமல்ல. பின் இருக்கையை மடக்கினால் அரிசி மூட்டையும் வைக்கலாம், பெரிய அண்டாவையும் வைக்கலாம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகும்போது, எங்கள் வீட்டுப் படையல் சாமான் அத்தனையும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் அடங்கிவிடும்.

சிரிப்புக்கு ஒன்று. ஜப்பான் காரில் ‘சிக்னல்’ கம்பி வலப்பக்கம், இதிலோ இடப்பக்கம். வாங்கிய முதல் வாரம், ஜாசின் முச்சந்தியில் திரும்பும்போதெல்லாம் நல்ல வெயிலில் என் கண்ணாடி துடைப்பான் ஆடியது. ஒட்டுக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள், “என்ன அண்ணே, உங்களுக்கு மட்டும் மழையா?” என்றார்கள். பத்து நாளில் கை பழகிவிடும், கவலை வேண்டாம்.

இனி வருத்தமான கதை. இதைச் சொல்ல எனக்குப் பெருமை இல்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் தாயார் எங்களோடுதான் இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை பட்டணத்துக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். காரை வாங்கியதே அதற்காகத்தான். இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு எனக்கு அலட்சியம் வந்தது. குளிர்விக்கும் நீர்த்தொட்டியில் அளவு குறைவதைப் பார்த்தேன். எங்கே ஒழுகுகிறது என்று தேடாமல், குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். அடுத்த வாரமும் ஊற்றினேன். தண்ணீர்தானே, காசா பணமா என்று நான்கு மாதம் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை, பட்டணத்துக்குப் போகும் பாதையில் வெப்பமுள் மேலே ஏறியது. பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இன்னும் பத்து நிமிடம்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். நான்காவது நிமிடத்தில் முன்பக்கம் ஆவி பறக்க வண்டி நின்றது. நல்ல வெயில். அத்தை பின் இருக்கையில் ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செம்பனை லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி, அந்த உயரமான படியில் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் தாமதம். அன்றைக்குப் பாதிச் சுத்திகரிப்புதான் நடந்தது. இரண்டு நாள் அத்தைக்கு மூச்சு வாங்கியது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் காலையில் நான் சாவியை எடுத்தபோது, “இருக்கட்டும் மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு வேனில் போய்க்கொள்கிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தை, சிலிண்டர் தலையைக் கழற்றிச் சரிசெய்ய நான் கொடுத்த பணத்தைவிட அதிகமாகச் சுட்டது.

கார் என்னைக் கைவிட்டது என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மை அதுவல்ல. நான்கு மாதமாக நான்தான் அதைக் கைவிட்டிருந்தேன்.

அன்று படித்த பாடத்திலிருந்து, வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தாளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பின்சக்கரம். காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லிப் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்க வேண்டும். மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து, வீட்டுக் கூரை போலத் தெரிந்தால், பின் அச்சின் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடிப்பதால் வருவது இது. குழியில் இறங்கும்போது பழைய கதவு போலக் கிறீச்சிடும். ஆரம்பத்தில் கண்டால் பேரிங் மாற்றினால் போதும். முற்றிவிட்டால் அச்சையே மாற்ற வேண்டும். இந்தக் காருக்கே உரிய நோய் இது.

இரண்டாவது, கியர். கையால் மாற்றும் கியர் கிடைத்தால் அதையே எடுங்கள், தொல்லை குறைவு. தானியங்கிக் கியர் என்றால் நான்கு வேகம் உடையது. கடைக்காரர் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினால் போதாது. அரைமணி நேரம் ஓட்டி, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். கியர் மாறும்போது உதைக்கிறதா? முன்பலகையில் கியர் சம்பந்தமான இரண்டு விளக்குகள் சேர்ந்து கண் சிமிட்டுகின்றனவா? மூன்றாம் கியரிலேயே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறதா? அப்படியானால் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் களைத்துவிட்டிருக்கலாம். இந்தப் பெட்டிக்கு எண்ணெயே மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம் நாட்டுச் சூட்டில் அதை நம்பாதீர்கள். அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. ஆகவே கண்ட எண்ணெயைக் கண்ட அளவில் ஊற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, என்னைச் சுட்ட அந்தக் குளிர்நீர். தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே செந்நிறத் துருவோ, பால் கலந்த கோப்பி போன்ற கசடோ இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதற்கென்று விற்கும் ‘கூலண்ட்’ மட்டும் ஊற்றுங்கள். இன்னொன்று, நீரை மாற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். அதை வெளியேற்றத் தனித் திருகுகள் வைத்திருக்கிறார்கள். அது தெரியாதவர் தொட்டியை நிரப்பிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பார். தொட்டி நிறைந்திருக்கும், இஞ்சின் கொதிக்கும். முள் நடுவைத் தாண்டினால் உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் திட்டுதான் கிடைக்கும். பத்து நிமிடம் ஓட்டினால் சிலிண்டர் தலை வளைந்துவிடும்.

நான்காவது, ‘டைமிங் பெல்ட்’. இது ரப்பர் வார். ரப்பர் எவ்வளவு நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியாதா? எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்து, காரின் விலையில் பாதியைக் கேட்கும்.

கூரைத்துணி தொங்குவது, கதவுக் கண்ணாடி மெதுவாக இறங்குவது இவையெல்லாம் சில்லறை. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள், பயப்பட வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. காரைத் தேடுவதற்கு முன்னால் போமனைத் தேடுங்கள். நம்மூர் போமன் கெட்டிக்காரர்தான், கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் காரைப் பிரித்துப் பூட்டுவார். ஆனால் இந்தக் கார் தன் நோயைக் கணினியிடம்தான் சொல்லும். அதற்கேற்ற கருவியும் பழக்கமும் உள்ளவர் மலாக்காவிலோ சிரம்பானிலோ யார் என்று விசாரித்து, ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். வாங்கப்போகும் காரை அவரிடமே காட்டுங்கள். அவர் வாங்கும் கூலி வீண்செலவு அல்ல. சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கோலாலம்பூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், சில நாள் கார் நின்றும் போகும். அதனால் மோட்டார் சைக்கிளை விற்றுவிடாதீர்கள். சாமான் கேட்கும்போது ஆண்டைச் சொன்னால் போதாது, ‘சேசிஸ்’ எண்ணைக் கொடுங்கள். ஒரே ஆண்டுக் காருக்குள்ளேயே சாமான் வேறுபடும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கடையில் கொட்டிவிடாதீர்கள். காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துத் தங்கச்சியிடம், அதாவது உங்கள் வீட்டுக்காரம்மாவிடம், கொடுத்து வையுங்கள். முதல் ஆண்டுப் பழுதுக்கு அது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? அந்தப் பங்கு உங்களிடம் இல்லையென்றால், இந்தக் கார் உங்களுக்கு மலிவு அல்ல. அப்போது இன்னும் ஓராண்டு பொறுத்து, எந்தப் போமனும் பார்க்கக்கூடிய உள்நாட்டுக் காரையே வாங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஊரார் ‘வேண்டாம்’ என்பதன் காரணம் இப்போது புரிகிறதா தம்பி? அந்தக் கார் கெட்டதல்ல. விலையில் குறைந்ததைக் கவனத்தில் கட்டச் சொல்லும் கார் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் முன்மூடியைத் திறந்து நீரையும் எண்ணெயையும் பார்ப்பவருக்கு அது குடும்பத்தில் ஒருவர் மாதிரி உழைக்கும். பார்க்காதவருக்கு, லயத்துக்குப் பின்னால் கோழி அடையும் கூடாகிவிடும்.

பழுது பார்த்த பிறகு நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை விடவேயில்லை. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, நான் எழுந்து வந்தபோது அவர் பையோடு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். “தண்ணி பாத்துட்டீங்களா மாப்பிள்ளை?” என்றார். “பாத்துட்டேன் அத்தை” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இருந்த மட்டும் வேனைக் கூப்பிடவில்லை.

தம்பி, பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.