நாலாவது வளையம்

ஆடி கார் லோகோவுல நாலு வளையம் இருக்குமே, அது எதுக்குன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா பாஸ்? 'சும்மா ஸ்டைலுக்கு'ன்னு சொன்னா மார்க் கிடையாது! ஜெர்மனியில் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ஹ், வாண்டரர்னு நாலு கம்பெனிகள் 1932-ல் கைகோத்து 'ஆட்டோ யூனியன்' ஆச்சு. ஆளுக்கொரு வளையம். இதுல வாண்டரர் பேர்ல இப்போ கார் வர்றதில்ல. ஆனா, அந்தக் கம்பெனியோட ஒரு கார் நம்ம சுதந்திரப் போராட்டத்துல ஓடியிருக்கு!

மாடல் பேரு டபிள்யூ-24. 1937 முதல் 1940 வரை வந்த வண்டி. நாலு சிலிண்டர், 1,767 சி.சி., 42 குதிரைத்திறன். டாக்டர், வக்கீல் மாதிரி ஜெர்மன் மிடில் கிளாஸ் குடும்பங்களுக்கான, அலட்டல் இல்லாத செடான். அதுல ஒண்ணு கல்கத்தாவில் நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம்பர், பி.எல்.ஏ. 7169.

1940 டிசம்பர். சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடம்பு மோசமானதால நேதாஜியை வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. வாசலைச் சுத்தி மஃப்டி போலீஸ். கேஸ் வேற காத்திருக்கு. ஒரே வழி, பிரிட்டிஷ்காரன் கை எட்டாத மண்ணுக்குப் போயிடறது. சேதராப்பட்டுலேர்ந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினா நடுவுல தமிழ்நாடு வந்துட்டுப் போகுமே, அந்த எல்லைக் கோடு அன்னிக்கு ஒருத்தரோட தலைவிதி. அதைத் தாண்டித்தான் 1908-ல் பாரதியாரும், 1910-ல் அரவிந்தரும் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தாங்க. நேதாஜி குறிவெச்சது இன்னும் தூரமான எல்லை... ஆப்கானிஸ்தான்!

சரி, ரயிலடி வரைக்கும் யார் கொண்டுபோய் விடறது? நேதாஜி கூப்பிட்டது அண்ணன் மகன் சிசிரை. வயசு 20. மெடிக்கல் காலேஜ் ஸ்டூடன்ட். உங்க வயசுதான்! வீட்டில் பெரிய அமெரிக்க ஸ்டூடிபேக்கரும் இருந்தது. ஆனா, அது ஊருக்கே தெரிஞ்ச கார். அதனால, கண்ணை உறுத்தாத வாண்டரரை எடுத்தாங்க. சிசிர் முன்கூட்டியே பர்த்வான் வரை ஓட்டி டெஸ்ட் பண்ணிட்டும் வந்துட்டார்.

1941 ஜனவரி 16 ராத்திரி, மணி ஒண்ணரை இருக்கும். இன்ஷூரன்ஸ் அதிகாரி 'முகமது ஜியாவுதீன்' வேஷத்தில் நேதாஜி பின் ஸீட்டில் ஏறினார். விடிய விடிய ஓட்டி, தன்பாத் பக்கத்தில் இருந்த தன் அண்ணன் அசோக் வீட்டுக்குப் போனார் சிசிர். அங்கேயும் நேதாஜி, முன்பின் தெரியாத விருந்தாளி மாதிரியே பகலைக் கழிச்சார். வேலைக்காரங்களுக்குக்கூட சந்தேகம் வரக் கூடாதே! அன்னிக்கு ராத்திரி கோமோ ஸ்டேஷன். கல்கா மெயில் வந்தது. சித்தப்பா ஏறிட்டார்.

சிசிர் கல்கத்தா திரும்பி, எதுவுமே நடக்காத மாதிரி இருந்தார். 26-ம் தேதி வாக்கில் 'போஸைக் காணோம்'னு ஊர் அமளிதுமளிப்பட்டப்போ, நேதாஜி பெஷாவர் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. அப்புறம் காபூல், மாஸ்கோ, பெர்லின். 1943-ல் சிங்கப்பூர். அங்கே இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் கூட்டம் கூட்டமா சேர்ந்தது உங்களுக்கே தெரியும்.

சிசிர் தப்பலை. பிற்பாடு ஜெயில்ல கிடந்தார். அப்புறம் படிப்பை முடிச்சு, குழந்தைகள் டாக்டர் ஆனார். 1957-ல் நேதாஜி ஆய்வு மையத்தையும் தொடங்கினார். கார் கொல்கத்தா 'நேதாஜி பவன்'ல பத்திரமா இருக்கு. 2017-ல் புதுப்பிச்சு, ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி திறந்துவெச்சார். கோமோ ஸ்டேஷனுக்கும் கல்கா மெயிலுக்கும்கூட இப்போ நேதாஜி பேருதான்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிஃப்ட்டுக்கு ஓடுற ஐ.டி.ஐ. மெக்கானிக் நண்பா, அடுத்த தடவை நாலு வளையத்தைப் பார்த்தா, 'என்ன விலை?'ன்னு மட்டும் கேட்காதீங்க. ராத்திரி முழுக்க ஸ்டீயரிங் பிடிச்சிட்டு, வாயைத் திறக்காம இருந்த அந்த இருபது வயசுப் பையனையும் நினைச்சுக்குங்க. கொல்கத்தா போனா, எல்ஜின் ரோடு பக்கம் ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வாங்க!