சம்னர் நீதிமன்றப் பயணம்: சங்கத்தின் நிலைப்பாடு

தமிழ்ப்பள்ளி மூத்த வகுப்பின் தென்மாநிலச் சுற்றுப்பயணத்தில் மிசிசிப்பி மாநிலம் சம்னர் ஊரிலுள்ள டல்லஹாச்சி கவுண்டி நீதிமன்றம் இடம்பெறலாமா என்று பொதுக்குழுவில் நடந்த விவாதத்தை உறுப்பினர்கள் அறிவார்கள். அதன்பின் வாட்ஸப் குழுவில் நடந்ததையும் அறிவார்கள். செயற்குழுவில் முழு உடன்பாடு ஏற்பட்டது என்று சொல்ல முடியாவிட்டாலும், சம்னர் பட்டியலில் நீடிக்க வேண்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து.

செலவு கூடாது, கிளார்க்ஸ்டேல் போகும் வழியில்தான் ஊர் இருக்கிறது. விசா குறித்த சில பெற்றோரின் அச்சத்தை மதிக்கிறோம்.

“வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதாதா” என்ற சமரசத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. வெளியே நின்றால் பிள்ளைகள் பார்க்கப்போவது 1913இல் வைத்த கான்ஃபெடரேட் சிலையையும் ஒரு தகவல் பலகையையும்தான். பார்க்க வேண்டியது எம்மெட் டில் கொலை வழக்கு நடந்த, மாடியிலுள்ள விசாரணை அறை. 1955இல் இருந்தபடியே அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.

“யாரோ நாலு கெட்டவர்கள் என்றோ செய்தது” என்று எழுதிய நண்பர்களுக்கு: 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்றவர்கள் இரண்டு பேராகவே இருக்கட்டும். அவர்களை விடுவித்தது அந்த அறை. நீதிபதி இருந்தார், அரசுத் தரப்பு வழக்கறிஞர் இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள். ஜூரிக்கு வாக்காளர் பட்டியலிலிருந்து ஆள் எடுத்தார்கள். கவுண்டி மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்; பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆகவே 12 பேரும் வெள்ளை ஆண்கள். சிறுவனின் தாய் மேமி டில், கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கென்று ஓரத்தில் ஒதுக்கிய மேசையில் உட்கார வேண்டியிருந்தது. மோசஸ் ரைட் என்ற முதியவர் எழுந்து நின்று, தன் வீட்டிலிருந்து பையனை இழுத்துப்போனவரை எல்லோர் முன்னிலையிலும் கைநீட்டிக் காட்டினார். பிறகு அவரால் அந்த மாநிலத்தில் குடியிருக்க முடியவில்லை. செப்டம்பர் 23 அன்று ஜூரி 67 நிமிடத்தில் விடுதலை என்றது. நாலே மாதத்தில் அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு ‘லுக்’ பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்கிறோம், நம்மில் சிலர். செத்தவனுக்கு வயது 14!

அந்தக் கவுண்டியின் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த குழு, 2007 அக்டோபர் 2 அன்று அதே நீதிமன்றத்தின் முன்பு டில் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. 2023இல் அந்தக் கட்டடம் தேசிய நினைவுச் சின்னத்தின் பகுதியானது. சொந்த ஊர்க்காரர்களே வாய் திறந்துவிட்டார்கள். நமக்கு என்ன கூச்சம்?

“ஊர் வம்பு நமக்கெதற்கு” என்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டின் கீழ்வெண்மணியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1968இல் அங்கே 44 தலித்துகள் எரிக்கப்பட்ட வழக்கில், தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. (இந்தப் பத்தியை நீக்கக் கோரிய உறுப்பினர்களின் எதிர்ப்பு குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.)

பயணத்துக்கு முந்தைய வாரம் வகுப்பில் ஆசிரியர்கள் வழக்கை விளக்குவார்கள். பெற்றோரும் வரலாம். ஒப்புதல் படிவத்தில் ‘உள்ளே அனுப்ப விருப்பமில்லை’ என்ற கட்டம், கேட்டுக்கொண்டபடி, சேர்க்கப்பட்டுள்ளது. அதில் குறியிடுவோர் தாமே உடன்வந்து பிள்ளையோடு வெளியே காத்திருக்க வேண்டும். அந்த வேலைக்குத் தன்னார்வலர்களை ஒதுக்க இயலாது.