தீட்டைத் தொடாத பாடம்

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அணைக்காடு கிராமத்தில் ஒரு குடிசைமேல் தென்னைமரம் விழுந்து பள்ளிச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். வயசுக்கு வந்திருந்ததால் அவளை வீட்டுக்கு வெளியே அந்தக் குடிசையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூடநம்பிக்கை, படிப்பறிவில்லாத ஜனம் என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்வது எளிது. எனக்குக் கோபம் பள்ளிக்கூடத்தின்மேல்.

ஏனென்றால் இது சுகாதாரத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டம் 2012இலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் புதுச்சேரியும் அதற்குக் குறைந்ததில்லை. துணி போய் நாப்கின் வந்துவிட்டது. குடிசை போகவில்லை. நாப்கின் வைத்துக்கொண்டும் குடிசைக்குள் உட்காரலாம் என்பது அந்த எண்ணுக்குள் தெரியாது.

பருவமடைதல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் பூப்பு என்பது பள்ளியைவிட்டு வெளியேறும் வாசல். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டியே அப்படித்தான் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலிருந்து படித்தவர். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய 1929 சாரதா சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமானது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலுக்குள் அது வரவில்லை. என் ஊர் பூவம் எல்லையோரம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. சட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தீட்டு மட்டும் இரு கரையிலும் நடமாடியது, அதற்குச் சோதனைச்சாவடி கிடையாது. (இன்றைக்கும் அங்கே பாட்டிலைத்தான் தேடுகிறார்கள்.)

பிறகு அரசுக்கே நம் உடம்பு தேவைப்பட்டது. 1980இல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம்: குறைவாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்து எய்ட்ஸ். 2005இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வியைக் கொண்டுவந்தன. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் தடைபோட்டன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்றது. எதிர்த்தவர்கள் பண்பாடு என்றார்கள், ஆதரித்தவர்கள் நோய் என்றார்கள். உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சாகப்போகிறோம் என்று நடுங்குகிற பதினோரு வயதுப் பிள்ளை இரண்டு தரப்பின் பேச்சிலும் இல்லை.

தொண்ணூறுகளில் நான் படித்த பள்ளிக்கு நாப்கின் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்துப் போனார். ஏன் நீலம் என்று கேட்டவளை டீச்சர் உட்காரச் சொன்னார். எங்களுக்குக் கிடைத்த பொதுச் சுகாதாரக் கல்வி அவ்வளவுதான். அதையும் நடத்தியது வியாபாரி.

இன்றைக்குப் பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’. காரைக்கால் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் எங்கள் பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், அதன் புதிய ஏழாம் வகுப்பு அறிவியலிலேயே இதற்கு ஓர் இயல் வந்துவிட்டது. நல்லதுதான். முந்தைய எட்டாம் வகுப்புப் புத்தகம், மாதவிடாய் நாளில் பெண் சமையலறையில் வேலை செய்யக் கூடாது என்பதை மூடநம்பிக்கைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தது. ஒரே ஒரு வரி. ஹார்மோனுக்குப் பத்தி பத்தியாக விளக்கம், தீட்டுக்கு ஒரு வரி. அதையும் எத்தனை ஆசிரியர்கள் வாய்விட்டு வாசித்திருப்பார்கள்? “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் தள்ளுகிறவர்கள், அதே பிள்ளையின் மஞ்சள் நீராட்டுக்கு மொய்க் கவரோடு வந்து நிற்கிறார்கள். வகுப்பில் சொல்லக் கூசிய விஷயம் கடைத்தெருவில் பத்தடி ஃப்ளெக்ஸில் தொங்குகிறது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, அவளுக்குத்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, வயசுக்கு வந்திருந்த தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தது. எட்டாம் வகுப்பு, அதாவது பாடம் இருக்கிற அதே வகுப்பு. காணொளி வெளியானபின் தலைமையாசிரியை பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். வீட்டார்தான் தனியாக உட்காரவைக்கச் சொன்னார்கள் என்றொரு சமாதானமும் வந்தது. சொல்லியிருக்கட்டும். வீடு கேட்டால் பள்ளி கொடுத்துவிடுமா? இல்லையம்மா, பிள்ளை உள்ளே வந்து உட்காரட்டும் என்று சொல்லத்தானே பள்ளிக்கூடம்?

அந்தப் பிள்ளை தலித் என்பதைச் செய்தியின் ஓரத்தில் விட்டுவிட முடியாது. தொடாதே என்ற சொல் தலித் பிள்ளைகளிடம் பூப்புக்கு முன்பே வந்துவிடுகிறது. சாவுக்கும் சாதிக்கும் உதிரத்துக்கும் தமிழில் ஒரே சொல், தீட்டு. பாடப்புத்தகம் அதைச் ‘சுத்தம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு தப்பிக்கிறது. குளி, மாற்று, கழுவு, தனியாகப் போடு. சுத்தமாக இருந்தால் போதும் என்று சொல்கிற பாடம், அசுத்தம் என்ற பழைய குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுதான் பேசவே தொடங்குகிறது. ஏன் இந்தப் பயம்? உதிரத் தீட்டைப் பொய் என்று வகுப்பில் சொல்லிவிட்டால், மறுநாள் ஏதோ ஒரு பிள்ளை சாதித் தீட்டைப் பற்றிக் கேட்கும்.

தமிழ்த் துறையில் நாங்கள் மட்டும் யோக்கியமா? பேதை, பெதும்பை, மங்கை என்று உலாவின் ஏழு பருவங்களையும் வயதுக் கணக்கோடு ஒப்பிக்கச் செய்கிறோம், மங்கைக்கு 12, 13 என்று. அந்த வயதில் என்ன நடக்கும் என்ற பேச்சே இல்லை. புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார், பகைவரின் குதிரைகள் ஒதுங்கி நிற்பதை, முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்களோடு ஒப்பிடுகிறார். எழுதியவர் பெண். உவமை நயம் என்று தேர்வுக்கு எழுதிவிடலாம். ஏன் தொடவில்லை என்று நான் வகுப்பில் கேட்டால் அமைதி. அப்புறம் ஒருத்தி மெல்லச் சொல்வாள், வீட்டில் தனக்கும் தட்டு தனி என்று. அதன்பின் நிறுத்த முடியாது. பாய் தனி, தம்ளர் தனி, ஊறுகாய் ஜாடிப் பக்கம் போகக் கூடாது, துளசியைத் தொட்டால் கருகிவிடும். முதுகலை வகுப்பில், இருபத்தொரு வயதில், முதல் தடவையாகப் பேசுகிறார்கள்.

இருபத்தொன்றுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஐந்தாம் வகுப்பில் தொடங்குங்கள், பையன்களை வெளியே அனுப்பாமல். முதல் நாளே சூலகப் படம் வேண்டாம். கரும்பலகையில் ‘தீட்டு’ என்று எழுதிவிட்டு, யாரை, எதை, எப்போது தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் எனப் பிள்ளைகளையே கேளுங்கள். பலகை போதாது. மறுநாள் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பெஞ்சைப் போட்டு அவர்களையும் வகுப்புக்குள்ளேயே உட்காரவையுங்கள்.